மகளின் சுண்டு விரலும் அம்மாவின் மெட்டி விரலும்

கால் விரல் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருப்பதைப் பார்த்தால் நம் ஊரில் எல்லாரும் ஒரே வைத்தியம்தான் சொல்வார்கள்: நூல் கட்டு, எண்ணெய் தடவி இழுத்துவிடு. எங்கள் வீட்டில் இப்போது இரண்டு பேருக்கு இந்தத் தொந்தரவு. ஒருத்தி நான்காம் வகுப்பு படிக்கும் என் மகள். இன்னொருவர் அறுபதைத் தாண்டிய என் அம்மா. பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் இரண்டும் வேறு வேறு கோளாறுகள். ஒன்றில் பொறுமை வேண்டும், மற்றதில் அவசரம் வேண்டும். இதைத் தெரிந்துகொள்ளாமல் பலர் மாற்றிச் செய்கிறார்கள் என்பதால்தான் எழுதுகிறேன்.

முதலில் மகள். அவளுக்கு இரண்டு கால்களிலும் சுண்டு விரல் நான்காம் விரல்மேல் ஏறியிருக்கிறது. என் அப்பாவுக்கும் அப்படித்தான், எனக்கும் அப்படித்தான். இது குடும்பத்தில் தொடர்ந்து வரக்கூடியது. விரலின் மேற்பக்கத் தோலும், விரலைத் தூக்கும் தசைநாணும், மூட்டைச் சுற்றிய உறையும் பிறவியிலேயே குறுகியிருப்பதால் விரல் மேலே எழும்பி, உள்ளே சாய்ந்து, சற்றே திருகியும் நிற்கிறது. கைக்குழந்தையாக இருந்தபோது, குளிப்பாட்டிய பின் விரலை மெல்லக் கீழேயும் வெளியேயும் இழுத்துவிட்டு, காகித பிளாஸ்திரி ஒட்டச் சொன்னார் எலும்பு மருத்துவர். விரலைச் சுற்றி இறுக்கிக் கட்டவே கூடாது, ரத்த ஓட்டம் நின்றுவிடும் என்று எச்சரித்தார். நிலையான பலன் கிடைக்கும் என்று பெரிதாக நம்ப வேண்டாம் என்பதையும் அவர் ஒளிக்கவில்லை. அந்த நேர்மைக்காகவே அவரிடம் தொடர்ந்து போகிறோம். பிளாஸ்திரியை எடுத்ததும் விரல் பழைய இடத்துக்கே வந்துவிட்டது.

என் சொந்தக் கால் எனக்குச் சொல்லித் தந்தது இதுதான்: தொந்தரவு செய்வது பெரும்பாலும் காலணி. ரப்பர் செருப்போடு திரிந்த வரை எனக்கு அப்படி ஒரு விரல் இருப்பதே நினைவில் இல்லை. கல்லூரியில் என்.சி.சி. பூட்ஸ் மாட்டிய பிறகுதான் சுண்டு விரலின் முதுகில் கால் ஆணி விழுந்து, அணிவகுப்பு முடிந்தால் நொண்டினேன். அதனால் மகளுக்குப் பள்ளி ஷூ வாங்கும்போது மாலை நேரத்தில், அவளை நிற்கவைத்துக் காகிதத்தில் பாதத்தை வரைந்து எடுத்துப் போகிறேன். ஷூவின் முன்பக்கம் அந்த வரைபடத்தைவிடக் குறுகியிருந்தால், கடைக்காரர் என்ன சொன்னாலும் வாங்குவதில்லை.

அறுவை சிகிச்சையும் உண்டு. பட்லர் என்பவரின் முறையை 1968-இல் காக்கின் என்பவர் எழுதி வெளியிட்டார். விரலின் அடியைச் சுற்றித் தோலைக் கீறி, தசைநாணையும் மூட்டு உறையையும் விடுவித்து, விரலைக் கீழே இறக்கி வெளிப்பக்கம் நகர்த்தி உட்காரவைப்பார்கள். நல்ல பலன் தருவதுதான். ஆனாலும் விரலுக்குப் போகும் நுண்ணிய ரத்தக் குழாய்கள் இழுபடும் அபாயம் இருக்கிறது. வலியோ ஆணியோ விடாமல் தொல்லை தந்தால் செய்யலாம். புகைப்படத்துக்கு அழகாக இருக்க வேண்டும் என்பதற்காக ஒரு குழந்தையின் விரலில் கத்தி வைக்க நான் ஒப்ப மாட்டேன்.

(சில குழந்தைகளுக்கு மூன்றாம் அல்லது நான்காம் விரல் சுருண்டு பக்கத்து விரலின் அடியில் நுழைந்திருக்கும். அது வேறு. சிலருக்கு வளரும்போது தானே சரியாகும். சரியாகாமல் தொந்தரவு கொடுத்தால், மூன்று நான்கு வயதுக்குப் பிறகு, விரலை மடக்கும் தசைநாணை வெட்டிவிடும் சிறிய அறுவை இருக்கிறது.)

இனி அம்மா. அவருக்கு இரண்டாம் விரல் பெருவிரல்மேல் ஏறியதும் சொந்தக்காரர்கள் "உங்கள் வீட்டு விரல்தானே" என்றார்கள். அம்மாவோ அப்பாவுக்கு எந்த வழியிலும் ரத்த உறவு இல்லை. பிறவி விரல் அறுபது வயதில் வந்து முளைக்காது. அவருக்கு முதலில் வந்தது வலி. முன்பாதத்தில், இரண்டாம் விரலின் அடியில், கூழாங்கல்லை மிதித்ததுபோல் இருக்கிறது என்பார். பிறகு வீக்கம். இரண்டாம், மூன்றாம் விரல்களுக்கு நடுவே இடைவெளி விழுந்தது. அதற்கும் பிறகுதான் விரல் ஏறியது. மூட்டை அடியிலிருந்து தாங்கும் தடித்த நார்த்தகடு நைந்து கிழிவதே காரணம். பெருவிரல் உள்ளே சாய்ந்து அதன் அடியில் எலும்பு புடைத்திருந்தால் இரண்டாம் விரலுக்குச் சுமை கூடுகிறது. அம்மாவுக்கு அந்தப் புடைப்பும் உண்டு.

வீக்கத்தில் மெட்டி இறுகிவிட்டது. கழற்ற அம்மா சம்மதிக்கவே இல்லை. "அவர் இருக்கும்போது எப்படிக் கழற்றுவது?" என்று அழுதார். அப்பாவே ஆசாரியை வீட்டுக்கு அழைத்து வந்து, பக்கத்தில் உட்கார்ந்து, வெட்டி எடுக்கச் சொன்னார்.

வலி மட்டும் இருக்கும் அந்த முதல் கட்டம்தான் மருத்துவரிடம் ஓட வேண்டிய காலம். விரலைக் கீழே பிடித்து நிறுத்தும் பிளாஸ்திரி, வளையாத அடிப்பாகமுள்ள செருப்பு, வலிக்கும் இடத்துக்குச் சற்றே பின்னால் வைக்கும் மெத்தை ஆகியவை அப்போது மிகவும் உதவும். மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி போடுவது அந்த நார்த்தகட்டை மேலும் பலவீனமாக்கலாம் என்பதால், அதைப் பற்றிக் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். விரல் ஏறிவிட்ட பிறகு நேராக்க அறுவைதான் வழி: எலும்பைச் சற்றுக் குறைப்பது, தகட்டைத் தைப்பது, தேவைப்பட்டால் பெருவிரலையும் சேர்த்துச் சரிசெய்வது. பின்னர் விரல் விறைத்துப்போகலாம், தரையைத் தொடாமலும் நிற்கலாம்.

அம்மாவுக்குச் சர்க்கரை நோயும் இருப்பதால் அறுவை வேண்டாம் என்று அவரே முடிவெடுத்தார். வேலூரில் தொழுநோயாளிகளின் உணர்விழந்த பாதங்களைக் காக்க டாக்டர் பால் பிராண்ட் போன்றோர் பயன்படுத்திய, எம்.சி.ஆர். எனப்படும் மென்மையான நுண்துளை ரப்பர் செருப்பையே இப்போது அணிகிறார். ஏறிய விரலுக்கும் பெருவிரலுக்கும் நடுவே சிலிகான் தடுப்பு வைக்கிறோம். தினமும் இரவில் விரலிடுக்குகளைத் துடைத்து உலர்த்தி, சிவப்போ புண்ணோ இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பது என் வேலை. மருந்துக் கடையில் விற்கும் ஆணி பிளாஸ்திரியை எங்கள் வீட்டுக்குள்ளேயே விடுவதில்லை. அதிலுள்ள அமிலம் ஆணியோடு நல்ல தோலையும் அரித்துவிடும். சர்க்கரை நோயால் உணர்ச்சி குறைந்த காலுக்கு அது தெரியவும் தெரியாது.

மகளுக்கு ஜூனில் புது ஷூ வாங்க வேண்டும். சுண்டு விரலின் மேல் லேசாகத் தோல் தடித்திருக்கிறது, வலி இல்லை என்கிறாள். அகலமான ஷூவிலும் வலி வந்தால், அறுவையைப் பற்றி அவளையும் உட்காரவைத்துக்கொண்டு மருத்துவரிடம் பேசுவோம்.