ஒரே இயந்திரம், மூன்று தேய்மானம்

கோவைப் பக்கம் ஒரு நூற்பாலையின் கணக்குப் பிரிவில் இருந்தேன். 2015 ஏப்ரலில் 20 கோடி ரூபாய்க்கு வாங்கிய புது ரிங் பிரேம்கள், அதாவது நூல் நூற்கும் இயந்திரங்கள், ஓடத் தொடங்கின. 2013 கம்பெனிச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணைப்படி சாதாரண இயந்திரத்துக்கு ஆயுள் 15 ஆண்டுகள். இயந்திரத்தின் விலையை அந்த ஆயுளுக்குப் பங்கிட்டு ஆண்டுதோறும் லாபத்தில் கழிப்பதுதான் தேய்மானம். மூன்று ஷிப்டும் ஓட்டினால் அது இரட்டிப்பு. ஆயுள் முடிவில் மிஞ்சும் மதிப்பு 5 சதவீதம் போக, அந்த ஆண்டுக்கு 2.53 கோடி என்று போட்டு வைத்திருந்தேன்.

மேலாளர் தாளைப் பார்த்தார். "மில் இருபத்து நான்கு மணி நேரமும் ஓடுகிறதே தம்பி, கன்டினியூவஸ் பிராசஸ் என்று போடு" என்றார். அந்த வகைக்கு ஆயுள் 25 ஆண்டுகள். ஷிப்ட் கணக்கும் கிடையாது. எக்செல்லில் ஒரு கட்டத்தில் 15ஐ அழித்து 25 என்று அடித்தேன், ஷிப்டுக்கான இரட்டிப்பை எடுத்தேன். தேய்மானம் 76 லட்சத்துக்கு இறங்கியது. ஒரு கிலோ நூல்கூடக் கூடுதலாக விற்காமல் லாபம் 1.77 கோடி ஏறியது.

அந்த வகை, இரவு பகலாக ஓடியே தீர வேண்டிய வடிவமைப்புக்கு உரியது. சிமென்ட் சூளையைப் போல. எங்கள் மில் தீபாவளிக்கு மூன்று நாள் நிற்கும், நான்காம் நாள் சுவிட்சைப் போட்டதும் ஓடும். சொல்லிப் பார்த்தேன். ஒரே வாரத்தில் ஒரு பொறியாளரின் கடிதம் வந்து கோப்பில் ஏறியது. தணிக்கையாளரும் அதைப் புரட்டிவிட்டுத் தலையாட்டினார்.

எம்.டி.க்கு நிகர லாபத்தில் 5 சதவீதம் கமிஷன். ஒரே ஒரு நிர்வாக இயக்குநர் இருந்தால் சட்டம் பொதுவாக அனுமதிக்கும் உச்சமும் அதுதான். நான் திருத்திய வரியால் அவருக்குக் கிடைத்தது ஏறத்தாழ 8.87 லட்சம். வருமான வரி ஒரு ரூபாய்கூட ஏறவில்லை, அதற்குத் தேய்மானக் கணக்கே வேறு. மேலாளரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது, அடித்தது என் விரல்தானே.

2016 தீபாவளிக்கு முன் போனஸ் கணக்கு வந்தது. அன்றைய போனஸ் சட்டம் லாபத்திலிருந்து கழிக்கச் சொன்னது வருமான வரிச் சட்டத்தின் தேய்மானத்தை: 15 சதவீதம், அதாவது குறைந்தது 3 கோடி. எம்.டி.க்கு நிதானமாகத் தேய்ந்த அதே ரிங் பிரேம் தொழிலாளிக்கு நான்கு மடங்கு வேகத்தில் தேய்ந்தது. இந்த இடத்தில் யாரும் எதையும் திருத்தவில்லை, சட்டமே அப்படித்தான்.

தொழிற்சங்கத்துக்காரர் ஆண்டறிக்கையோடு வந்தார். "லாபம் இவ்வளவு ஏறியிருக்கிறதே சார், போனஸ் மட்டும் ஏன் போன வருடத்து அளவிலேயே நிற்கிறது?"

"அது வேறு சட்டம்" என்றேன்.

அவர் அறிக்கையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டாம் ஷிப்டுக்குப் போனார்.