அவனாக விட்டுவிட்டால்

"அக்கா, அவனா விட்டுட்டான்னா என் மேல பழி இல்லைல்ல?"

வாசல் படலைத் தாண்டி, மாமியார் காதுக்கு எட்டாத இடத்தில் என்னை நிறுத்தி அந்தப் பெண் கேட்டது இதுதான். "ஒன்பது மாசத்துல எந்தப் புள்ளையும் தானா தாய்ப்பால விடாதும்மா" என்றேன். யோசிக்காமல் வந்த பதில். நர்ஸ் பயிற்சியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது, நானும் எத்தனையோ பேரிடம் சொன்னது. அவள் "சரிக்கா" என்று தலையாட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள். அந்த "சரிக்கா" இன்னும் என் காதில் இருக்கிறது.

நான் சொன்னது தப்பான தகவல் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு வயதுக்குள் குழந்தை தானாகத் தாய்ப்பாலை மறப்பது அபூர்வம். அப்படி மறந்தாலும் வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறையும். நேற்று வரை குடித்த பிள்ளை இன்று திடீரென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு, முதுகை வளைத்து அலறினால், அதற்கு எங்கேயோ வலிக்கிறது, அல்லது ஏதோ பிடிக்கவில்லை, அல்லது பயந்திருக்கிறது என்று அர்த்தம். மூக்கடைப்பு, காது வலி, வாயில் வெள்ளைப் படலம், பல் முளைக்கிற ஈறு, அம்மா மாற்றிய சோப்பின் வாசனை, அம்மாவுக்கு மாதவிலக்கு திரும்பியது என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். காரணத்தைப் பார்த்துச் சரிசெய்தால் பெரும்பாலும் சில நாளில் பிள்ளை திரும்ப வந்துவிடும்.

இந்தப் பிள்ளைக்கு ஒரு காரணம் இல்லை, பல காரணம். புதன்கிழமை, ஒன்பதாம் மாதத் தட்டம்மை ரூபெல்லா ஊசிக்குத் தூக்கி வந்திருந்தார்கள். ரெட்டிச்சாவடிப் பக்கத்து ஊர். கர்ப்பத்திலிருந்தே எனக்குத் தெரிந்த பெண். "ரெண்டு மூணு நாளா வாயே வைக்க மாட்டேங்கிறான்கா" என்றாள். டார்ச் அடித்துப் பார்த்தேன். நாக்கில் படலம் இல்லை. கீழே இரண்டு பல் வந்திருந்தது, மேல் ஈறு வீங்கிச் சிவந்திருந்தது. மூக்கில் சளி காய்ந்து அடைத்து வாயால்தான் மூச்சு விட்டான். மூக்கு அடைத்த பிள்ளை மார்பில் வாய் வைத்தால் மூச்சு விட ஏது வழி? அப்புறம் அவளே சொன்னாள், ஒரு ராத்திரி பல் பட்டு வலி தாங்காமல் கத்திவிட்டாளாம், பிள்ளை மிரண்டு அழுதானாம். பகலில் மாமியார் பாட்டிலில் பாக்கெட் பால் கொடுக்கிறார். பாட்டிலில் உறிஞ்ச அவ்வளவு பாடு பட வேண்டாம், பால் தானாக வழியும்.

எனக்கு எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. மூக்குக்கு உப்புத் தண்ணீர் சொட்டு மருந்து. பாட்டிலை நிறுத்திவிட்டுச் சின்ன டம்ளரிலோ பால் புகட்டும் சங்கிலோ கொடுப்பது. வற்புறுத்தி வாயில் திணிக்கக் கூடாது. விளக்கை அணைத்து, பாதித் தூக்கத்தில் இருக்கும்போது பக்கத்தில் போட்டு முயற்சி செய்ய வேண்டும். அதுவரை பால் வற்றாமலிருக்கப் பீச்சிக்கொண்டே இருக்க வேண்டும். அட்டையில் எடையைக் குறித்துவிட்டு இதையெல்லாம் சொன்னேன். அவள் எல்லாவற்றுக்கும் "உம்" போட்டாள். மாமியார்தான் பேசினார். "பல்லு வந்தாச்சுல்ல நர்சம்மா, போதும். இவ வெயில்ல பஸ்ல அலைஞ்சிட்டு வர்றா, அந்தச் சூட்டுப் பால் புள்ளைக்கு ஆகறதில்ல. அதான் வேணாம்ங்கறான்." வெயிலில் வந்தால் பால் கெடாது என்று அவருக்கும் சொன்னேன். அவர் நம்பவில்லை.

அந்தப் பெண் புதுச்சேரி நேரு வீதியில் ஒரு ஜவுளிக்கடையில் சேலை எடுத்துப் போடுகிற வேலை பார்த்தாள். பிரசவத்துக்கு முன்னால் வேலையை விட்டு நின்று, பிள்ளைக்கு ஆறு மாதம் முடிந்ததும் மறுபடி சேர்ந்தாள். அதனால் மகப்பேறு விடுப்பு என்ற பேச்சே அவளுக்கு வரவில்லை. 2017இல் சட்டத்தைத் திருத்தி 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு என்று ஆக்கினார்கள். 1961ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டத்திலேயே, பிள்ளைக்குப் பதினைந்து மாதம் ஆகும்வரை பால் கொடுக்க வேலை நேரத்தில் இரண்டு இடைவேளை தர வேண்டும் என்று எழுதிவிட்டார்கள். இதை அவளிடம் சொன்னேன். "அதைக் கேட்டா அடுத்த நாளே வேற பொண்ணை நிறுத்திடுவாங்க அக்கா" என்றாள், கோபமில்லாமல், எனக்கு விவரம் தெரியாது என்பதுபோல. அவள் சொன்னதுதான் நடக்கும் என்று எனக்கும் தெரியும்.

சில நாள் கழித்து வீட்டுக்குப் போனேன். போகாமல் இருந்திருக்கலாம், அன்று பார்க்க வேறு வீடுகளும் இருந்தன. போனபோது அவளுக்கு மார்பு இரண்டும் கட்டிக் கல்லாகிக் கிடந்தன. கடையில் எங்கே பீச்சுவாய் என்று கேட்டேன். பாத்ரூமில், சாப்பாட்டு நேரத்தில் ஐந்து நிமிஷம். "டம்ளர்ல எடுத்தா வச்சிக்க இடமில்லைக்கா. வாஷ்பேசின்ல பீச்சி ஊத்திட்டுத் தண்ணியத் திறந்து விட்டுடுவேன்." பீச்சிய பால் வெளியே நாலு மணி நேரம் வரை தாங்கும் என்றுதான் நாங்கள் சொல்லிக்கொடுக்கிறோம், அதுவும் அதிகச் சூடு இல்லாத அறையில். ஃபிரிட்ஜ் இல்லாத கடையில் மதியம் எடுத்து, தவளக்குப்பம், கிருமாம்பாக்கம் என்று நின்று நின்று வருகிற பஸ்ஸில் சாயங்காலம் கொண்டுவருகிற பால் எப்படித் தாங்கும்? அவள் செய்தது சரி. ஆனால் அதைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை எனக்கு.

வெந்நீரில் துணி நனைத்து ஒத்தடம் கொடுத்தோம். கட்டை விரலை மேலேயும் மற்ற விரல்களைக் கீழேயும் வைத்து, கருவளையத்துக்குக் கொஞ்சம் பின்னால், முதலில் நெஞ்சை நோக்கி உள்ளே அழுத்தி அப்புறம் அமுக்க வேண்டும். காம்பைப் பிடித்து இழுக்கக் கூடாது. அவள் கையின் மேல் என் கையை வைத்துக் காட்டினேன். முதலில் சொட்டுச் சொட்டாக வந்து, பிறகு மூன்று நான்கு தாரையாகக் கிண்ணத்தில் பீறிட்டது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். வலி குறைந்ததாலா, வேறு எதனாலா, தெரியவில்லை.

திண்ணையில் ஒரு கவரில் மல்லிகைப்பூ இருந்தது, தலைக்கு வைக்கிற அளவைவிட நிறைய. பார்த்ததும் புரிந்தது. மாமியாரும் மறைக்கவில்லை. "கட்டினா ரெண்டு நாள்ல வத்திடும் நர்சம்மா, நாங்கள்லாம் அப்படித்தான் செஞ்சோம்." இது வெறும் நம்பிக்கை இல்லை. பால் நிற்பதற்காக மார்பில் மல்லிகைப்பூ கட்டுவதை அதற்கான மாத்திரையோடு ஒப்பிட்டு வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். பூவும் மாத்திரை அளவுக்கு வேலை செய்ததாக 1988இல் கட்டுரை வந்தது. அது தெரிந்ததால்தான் எனக்குப் பதற்றம். "இப்ப கட்டாதீங்கம்மா, புள்ள திரும்ப வந்தா பால் இருக்காது" என்றேன். மாமியார் மருமகளைப் பார்த்தார். மருமகள் பூவைப் பார்த்தாள். யாரும் எதுவும் பேசவில்லை.

அதற்கப்புறம்தான் வாசலில் அந்தக் கேள்வி.

அவள் என்னிடம் மருத்துவம் கேட்கவில்லை என்று இப்போது நினைக்கிறேன். பிள்ளை ஏன் குடிக்கவில்லை என்று அவள் கேட்கவே இல்லை. பிள்ளை தானாகவே விட்டுவிட்டான் என்று ஒரு நர்ஸ் சொன்னால், அவள் நிறுத்தினாள் என்று யாரும் சொல்ல முடியாது, அவளே தன்னைச் சொல்லிக்கொள்ளவும் வேண்டியதில்லை. அந்த ஒரு வழியைத்தான் அவள் தேடினாள். நான் அதை அடைத்தேன். "எந்தப் புள்ளையும்" என்று சொன்னதற்குப் பதில் "பெரும்பாலும்" என்று சொல்லியிருக்கலாம். அது இன்னும் சரியான வார்த்தையும்கூட. அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அவள் தப்பித்திருப்பாளா?

தப்பித்திருந்தால்? அங்கே வரும்போதெல்லாம் என் மனசு மறுபடி மறுபக்கம் சாய்கிறது. ஆறு மாதத்துக்கு மேல் ஒரு வயது வரை பிள்ளைக்கு வேண்டிய சத்தில் பாதியோ அதற்கு மேலோ தாய்ப்பாலிலிருந்தே கிடைக்கும். அந்த வீட்டில் அதற்குப் பதிலாக இருந்தது ஒரு அரை லிட்டர் பாக்கெட், அதில் பாதிக்குப் பாதி தண்ணீர், சரியாகக் கழுவாத ஒரு பாட்டில். அப்படிப்பட்ட பாட்டிலிலிருந்து வயிற்றுப்போக்கு வந்து, கண் குழிந்து, தொடையில் தோல் தொங்கிய பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு நான் கடலூர் அரசு மருத்துவமனைக்கு ஓடியிருக்கிறேன். அதைப் பார்த்தவள் "சரிம்மா, விட்டுடு" என்று சொல்லிவிட்டு எப்படித் தூங்குவாள்? இரண்டு வயதும் அதற்கு மேலும் கொடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது சும்மா இல்லை. என் வேலை பிள்ளையின் பக்கம் நிற்பது.

ஆனால் நான் யார் இதைச் சொல்ல என்றும் தோன்றுகிறது. என் பிள்ளைக்கு எனக்கு ஆறு மாதம் சம்பளத்தோடு விடுப்பு கிடைத்தது. இப்போது தமிழ்நாட்டில் அரசுப் பெண் ஊழியர்களுக்கு 2021 முதல் பன்னிரண்டு மாதம். வேலைக்குத் திரும்பியபோது என் அம்மா பிள்ளையைத் துணை சுகாதார நிலையத்துக்கே தூக்கிவந்தார், கதவைச் சாத்திக்கொண்டு கொடுத்தேன். நின்றுகொண்டே வேலை பார்த்து, ரவிக்கை நனைந்தால் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு அடுத்த சேலையை விரித்துக் காட்ட வேண்டிய நிலை எனக்கு ஒரு நாளும் வரவில்லை. "பீச்சிக்கிட்டே இரு" என்று நான் சொன்னது ஒரே ஒரு வாக்கியம். அவளுக்கு அது ஒவ்வொரு மதியமும்.

பிள்ளை திரும்ப வந்தான். மூக்கு சரியாகி, ஒரு நடுராத்திரி தூக்கத்திலேயே தேடிப் பிடித்துக்கொண்டானாம். தகவலைப் போனில் சொன்னது மாமியார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, அதை ஏன் மறைக்க வேண்டும். அடுத்த தடவை அவளைப் பார்த்தபோது "பாத்தியா, நான் சொன்னேன்ல" என்றேன். "ஆமாக்கா. இப்ப ராத்திரி பூரா குடிக்கிறான். பகல்ல பாட்டி குடுக்கறதத் தொட மாட்டேங்கிறான்" என்றாள். பகலில் அம்மா இல்லாத பிள்ளைகள் அதை ராத்திரியில் ஈடுகட்டிக்கொள்வது உண்டு, வழக்கமானதுதான், நல்லதுதான் என்று விளக்கினேன். "தூங்கவே முடியலக்கா" என்றாள். அவளையும் பிள்ளையையும் ஒரே பாயில் படுக்கவைத்துப் பக்கவாட்டில் கொடுக்கும் விதத்தைச் சொன்னேன். அதற்கும் என்னிடம் பதில் இருந்தது.

கொஞ்ச நாளில் கடையை விட்டு நின்றுவிட்டாள். காலையில் எழ முடியவில்லை, இரண்டு தடவை தாமதமாகப் போனாள், சம்பளத்தில் பிடித்தார்கள், நின்றுவிட்டாள். மாமியார் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "நீங்க சொன்னதாலதான் புள்ள தேறினான்" என்கிறார். அது உண்மைதான், அட்டையில் எடைக்கோடு நன்றாக மேலே போகிறது. அந்தப் பெண்ணும் என்னிடம் ஒரு வார்த்தை தப்பாகப் பேசியதில்லை. "புள்ளைக்காக நின்னுட்டேன்கா" என்றாள். அவள் வேலைக்குப் போனதும் பிள்ளைக்காகத்தான், கணவன் வாங்கின கடனுக்காகத்தான். வேலை போனதற்கு நான் பொறுப்பா? கடைக்காரர் பொறுப்பு, இல்லாத ஃபிரிட்ஜ் பொறுப்பு, தாளில் மட்டும் இருக்கிற சட்டம் பொறுப்பு. இப்படி வரிசையாகச் சொல்லிக்கொள்ள எனக்குத் தெரியும். சொல்லிக்கொண்டும் இருக்கிறேன்.

"அவனா விட்டுட்டாம்மா, உன் மேல பழி இல்ல" என்று சொல்லிப் பார்க்கிறேன், மனசுக்குள். சொல்ல வருகிறது. ஆனால் அடுத்த நொடியே அந்தப் பாட்டில் கண் முன்னால் வருகிறது. ஒருவேளை இரண்டையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். உன்மேல் பழி இல்லை, நீ நிறுத்தினாலும் இல்லை, ஆனால் முடிந்தால் இன்னும் நாலு நாள் பார் என்று. அப்படிச் சொன்னால் எத்தனை பேர் பார்ப்பார்கள்? நிறையப் பேர் பார்க்க மாட்டார்கள் என்று என் அனுபவம் சொல்கிறது. பார்க்காமல் விட அவர்களுக்கு உரிமை உண்டு என்று இன்னொன்றும் சொல்கிறது. அந்த இரண்டாவதை நான் தாமதமாகத்தான் கேட்க ஆரம்பித்திருக்கிறேன். அதோடு இன்னும் ஒத்துப்போகவில்லை.

போன மாதம் புதன்கிழமை இன்னொரு பெண் வந்தாள். பத்து மாதப் பிள்ளை, திடீரென்று குடிப்பதில்லை. அவளும் வேலைக்குப் போகிறவள். "உனக்கு என்னம்மா தோணுது" என்று முதலில் அவளைக் கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் நாற்காலியை இழுத்துப் போட்டேன். அதற்குள் பிள்ளை தும்மியது, மூக்கு அடைத்திருந்தது. டார்ச்சை எடுத்தேன்.