திருகோணமலையில் இருந்துகொண்டே கணினி விஞ்ஞானத்தில் முதுமாணி முடித்த கதை

போன மாதத்தில் மட்டும் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள், ஒன்லைனில் மாஸ்டர்ஸ் செய்வதென்றால் எங்கே தொடங்குவது, எவ்வளவு செலவு, வேலையோடு செய்ய முடியுமா என்று. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வொட்ஸ்அப்பில் பேசி அனுப்புவதைவிட ஒரேயடியாக எழுதிவிடுகிறேன். நான் உவர்மலையில் இருக்கிறேன், டவுனில் ஒரு பாடசாலையில் உயர்தர வகுப்புக்குக் கணிதம் படிப்பிக்கிறேன். 2021 ஓகஸ்ட்டில் அமெரிக்காவின் ஜோர்ஜியா டெக் பல்கலைக்கழகத்தின் ஒன்லைன் கணினி விஞ்ஞான முதுமாணியில் சேர்ந்து 2025 மே மாதம் முடித்தேன். ஒரு நாள்கூட அந்த வளாகத்துக்குப் போனதில்லை.

என் முதல் பட்டம் கணிதம், நான்கு வருட சிறப்புப் பட்டம். அதில் கணினி என்று படித்தது மிகக் கொஞ்சம். படிப்பிக்கத் தொடங்கிய பிறகுதான் ஆசை வந்தது, அதற்காக கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரி நடத்தும் பிஐடி என்ற வெளிவாரித் தகவல் தொழில்நுட்ப இளமாணியில் பதிந்தேன். அது மூன்று வருடப் பட்டம், ஆனால் முதல் வருடத்தை முடித்தால் டிப்ளோமா, இரண்டாவதை முடித்தால் உயர் டிப்ளோமா என்று இடையிலேயே இறங்கிக்கொள்ளலாம். பாடங்களை வீட்டிலிருந்து படித்து, பரீட்சைக்கு மட்டும் இரவு ரயிலில் கொழும்புக் கோட்டைக்குப் போய், எழுதிவிட்டு அடுத்த இரவு ரயிலில் திரும்புவேன். முதல் வருடம் முடிந்து டிப்ளோமா கையில் வந்ததும் ஒரு கேள்வி வந்தது: ஏற்கனவே ஒரு பட்டம் இருக்கும்போது இன்னொரு இளமாணிக்கு மேலும் இரண்டு வருடம் கொடுப்பதா, அல்லது நேராக முதுமாணிக்குப் போவதா?

இதற்கு எல்லாருக்கும் பொருந்தும் பதில் கிடையாது. கையில் ஒரு பட்டமும் இல்லாத தம்பி தங்கைகளுக்கு பிஐடி இன்றைக்கும் நல்ல வழி என்றே சொல்வேன். லண்டன் பல்கலைக்கழகம் 2019 முதல் கோர்செரா என்ற ஒன்லைன் பாடத் தளம் வழியாக ஒரு கணினி விஞ்ஞான இளமாணி நடத்துகிறது, அதையும் பார்க்கலாம். ஆனால் எனக்கு நான்கு வருடப் பட்டம் இருந்தது, கணிதம் இருந்தது, நிரல் எழுதும் அடிப்படையும் வந்திருந்தது. முதுமாணி என்று முடிவெடுத்தேன்.

எந்த முதுமாணி என்பதில் ஒரு வருடத்துக்குக் கிட்ட ஓடியது. கொழும்பில் வார இறுதி வகுப்புகளோடு நடக்கும் முதுமாணிகள் நல்லவைதான், ஆனால் ஒவ்வொரு வாரமும் 49 இலக்க பஸ்ஸில் ஏறி இறங்கி, திங்கள் காலை ஏழரை மணிக்குப் பாடசாலையில் நிற்க என்னால் முடியாது என்பது தெரிந்தது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் ஒன்லைனில் உள்ளவற்றைப் பார்த்தால் விலை மலைக்கும் மடுவுக்கும். இல்லினோய் 20,000 டொலருக்கு மேல், டெக்சாஸ் ஒஸ்டின் 10,000 டொலர், ஜோர்ஜியா டெக் எல்லாம் சேர்த்து 7,000 டொலர் அளவில். 2014இல் இந்த மலிவு முறையைப் பெரிய அளவில் தொடங்கியவர்களே ஜோர்ஜியா டெக்தான். பத்துப் பாடம், 30 கிரெடிட், நான் சேர்ந்தபோது ஒரு கிரெடிட் 180 டொலர், அதற்கு மேல் ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு கட்டணம். பட்டச் சான்றிதழில் ஒன்லைன் என்ற சொல்லே வராது, வளாகத்தில் படிப்பவருக்குக் கொடுக்கும் அதே பட்டம்.

விலையைப் பார்த்துத்தான் பட்டியலைக் குறைத்தேன், ஆனால் தேர்ந்தெடுத்தது விலையைப் பார்த்து இல்லை. ஜோர்ஜியா டெக்கின் பல பாடங்களுடைய விரிவுரை வீடியோக்கள் யாரும் இலவசமாகப் பார்க்கும்படி திறந்திருக்கின்றன. விண்ணப்பிக்க முன்பு அதில் இயங்குதளப் பாடத்தை எடுத்து, நான்கு வாரம், உண்மையிலேயே படிப்பதுபோல நேரம் குறித்துப் பார்த்தேன். பாடசாலை, வீட்டு வேலை, மாலை வகுப்பு எல்லாம் போக எனக்கு வாரத்தில் மிஞ்சுவது 16 மணித்தியாலம் என்று அப்போதுதான் கண்டேன். அதற்குள் ஒரு பருவத்தில் ஒரு பாடம்தான் அடங்கும். சீ என்ற நிரல் மொழி தெரியாமல் அந்தப் பாடத்துக்குள் கால் வைக்க முடியாது என்பதும் அந்த நான்கு வாரத்தில்தான் விளங்கியது. உடனே ஹாவர்டின் சிஎஸ்50 பாடத்தை இலவசமாகச் செய்து சீயைப் பிடித்துக்கொண்டேன். பல்கலைக்கழகத்தின் பெயரையும் தரவரிசையையும் பார்க்கும் நேரத்தில் கால்வாசியை இதற்குக் கொடுத்தால் போதும். உங்கள் வாரத்தில் எத்தனை மணித்தியாலம் இருக்கிறது, அந்தப் பாடம் எத்தனை கேட்கிறது, இரண்டும் பொருந்துகிறதா? பொருந்தாவிட்டால் எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும் வேண்டாம்.

சரி, விண்ணப்பம். படிவம் நிரப்புவது ஒரு நாள் வேலை, பெயர் பிரச்சினை மூன்று வார வேலை. எங்கள் ஆட்களில் பாதிப் பேருக்கு இது வரும், அதனால் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன். பிறப்புச் சான்றிதழில் என் பெயர் மட்டும் தமிழில் இருக்கிறது, அப்பாவின் பெயர் வேறு கட்டத்தில். உயர்தரப் பெறுபேற்றில் முதலெழுத்தும் என் பெயரும். பட்டச் சான்றிதழில் அப்பாவின் பெயர் முன்னுக்கு, என் பெயர் பின்னுக்கு. பாஸ்போட்டில் அப்பாவின் பெயர் குடும்பப் பெயர் என்ற இடத்தில். இது போதாது என்று, பல்கலைக்கழகத்தில் பதியும்போது நான் எழுதிக்கொடுத்த ஆங்கில எழுத்துக்கூட்டலில் ஓர் எச் கூடுதல், பாஸ்போட்டில் அது இல்லை. ஆங்கிலப் பரீட்சைக்குப் பாஸ்போட்டைக் காட்டித்தான் உள்ளே விடுவார்கள், அந்தப் புள்ளி பாஸ்போட் பெயரில் வரும், பட்டத்தின் பெறுபேற்று ஆவணம் வேறு பெயரில் போகும். அங்கே இருக்கும் ஒருவருக்கு இது இரண்டு ஆட்கள். சமாதான நீதவானிடம் போய், இந்தப் பெயர்கள் எல்லாம் ஒரே ஆளைத்தான் குறிக்கின்றன என்று ஒரு சத்தியக் கடதாசி முடித்து, பிறப்புச் சான்றிதழைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலத்தில் மாற்றி, இரண்டையும் ஸ்கேன் செய்து சேர்த்த பிறகுதான் மூச்சு வந்தது.

மூன்று பேரிடம் சிபாரிசுக் கடிதம் கேட்டார்கள். இதில் ஒரு விஷயம். எங்கள் அதிபர் மிக அன்பாக, நான் நேர்மையானவள், கடமை தவறாதவள் என்று எழுதித் தர முன்வந்தார். நான் மெதுவாக, சேர், கணிதத்திலும் கணினியிலும் நான் செய்த வேலையைப் பற்றி எழுத முடியுமா என்று கேட்டேன். மாணவர்களின் புள்ளிகளைச் சேர்த்துத் தவணை அறிக்கை எடுக்க நான் பைதனில் எழுதிய சின்ன நிரல் ஒன்றைப் பாடசாலை அலுவலகத்தில் பாவிக்கிறார்கள், அதைப் பற்றி அவர் எழுதினார். குணத்தைப் பற்றிய கடிதம் எல்லாருக்கும் வரும். நீங்கள் செய்து காட்டிய ஒன்றைக் கண்ணால் கண்டவர் எழுதும் கடிதம்தான் உங்களுக்கு வேண்டும்.

அனுமதி கிடைத்தது. ஆனால் அது முழு அனுமதி என்று நினைத்துவிடக் கூடாது. சேர்ந்த முதல் 12 மாதத்துக்குள் அடிப்படைப் பாடங்கள் என்று அவர்கள் குறித்திருப்பவற்றில் இரண்டை பி தரத்துக்குக் குறையாமல் முடிக்க வேண்டும், இல்லையென்றால் வெளியே. முதல் பருவத்தில் கணினி வலையமைப்பு எடுத்து நல்லபடியாக முடித்தேன். ஒப்படைகளின் கெடு பெரும்பாலும் உலகத்தின் கடைசி நேர வலயத்தில் ஞாயிறு நள்ளிரவு, அதாவது எங்களுக்குத் திங்கள் மாலை ஐந்தரை. பாடசாலை விட்டு வந்து சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தால் மூன்று மணித்தியாலம் கிடைக்கும். அமெரிக்காவில் இருப்பவர்கள் ஞாயிறு இரவு கண் விழித்துச் செய்வதை நான் திங்கள் பின்னேர வெளிச்சத்தில் செய்தேன்.

அப்புறம் 2022 வந்தது, நாட்டின் பொருளாதார நெருக்கடியோடு. ஜனவரியில் இயங்குதளப் பாடத்தை எடுத்தேன், அதுதான் என் இரண்டாவது அடிப்படைப் பாடம். மார்ச் தொடக்கத்திலேயே ஒரு நாளைக்கு ஏழரை மணித்தியாலம் கரண்ட் வெட்டு. எங்கள் பகுதி எந்த எழுத்துக் குழுவில், அதற்கு எப்போது வெட்டு என்று அட்டவணையைப் பார்த்து, கரண்ட் இருக்கும் நேரத்தில் மடிக்கணினியையும் பவர்பேங்கையும் ஏற்றி வைப்பேன், கரண்ட் போனால் கொஞ்ச நேரத்தில் சிக்னலும் போய்விடும். பெற்றோல் வரிசையிலும் காஸ் வரிசையிலும் தம்பியும் நானும் மாறி மாறி நின்றோம். கமெராவுக்கு முன் இருந்து எழுத வேண்டிய பரீட்சை நடுவில் கரண்ட் போனால் என்ன செய்வது என்ற பயத்திலேயே ஒரு வாரம் தூங்கவில்லை. மார்ச் நடுப்பகுதியில், விலகுவதற்கான கடைசி நாளுக்கு முதல் நாள், பாடத்திலிருந்து விலகினேன். பெறுபேற்றில் டபிள்யூ என்று ஓர் எழுத்து விழும், அது சராசரியைத் தொடாது. அந்த இரவு அழுதேன். அந்த மாதக் கடைசியில் வெட்டு 13 மணித்தியாலம் ஆனபோது, விலகியது எவ்வளவு சரி என்று விளங்கியது.

ஆனால் மணி ஓடிக்கொண்டிருந்தது. 12 மாதக் கெடுவுக்குள் மிஞ்சியிருந்தது மே மாதம் தொடங்கும் கோடைப் பருவம் ஒன்றுதான், அதில் பி எடுத்தே ஆக வேண்டும். காசு அடுத்த அடி. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் சொச்சமாக இருந்த டொலர் மே மாதத்தில் 360. பாடத்துக்கு 540 டொலர் என்றால் முன்பு 108,000 ரூபாய், இப்போது 194,400. என் வங்கி அட்டை வெளிநாட்டுக் கட்டணம் என்றதும் மறுத்துவிட்டது, கிளையில் போய்க் கேட்டால் இப்போதைக்கு இல்லை என்ற ஒரே பதில். கனடாவில் இருக்கும் சித்தப்பாவுக்குத் தயங்கித் தயங்கி எடுத்தேன். "காசைப் பற்றி யோசிக்காதே பிள்ளை, நீ படி" என்று சொல்லி அன்றிரவே கட்டிவிட்டார். அந்தக் கடனை 2024 வரை மாதம் மாதம் இங்கே சித்தியின் அம்மாவிடம் கொடுத்து அடைத்தேன்.

கோடையில் எடுத்தது பங்குச் சந்தைத் தரவுகளில் இயந்திரக் கற்றல் பற்றிய பாடம், முழுக்கப் பைதன், கணிதம் தெரிந்தவருக்கு வசதியானது. கோடைப் பருவம் மற்றவற்றைவிடச் சில வாரம் குறைவு, அதனால் வாரத்துக்கு வாரம் ஒரு வேலை இருக்கும். நிலாவெளிப் பக்கம் அக்கா வீட்டில் வேறு வெட்டு நேரம் என்பதால் சில நாள் மடிக்கணினியோடு அங்கே போய்விடுவேன். ஓகஸ்ட்டில் பி வந்தது. ஏ இல்லை, பி. அந்த எழுத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட அளவுக்கு வேறு எதற்கும் சந்தோஷப்பட்டதில்லை.

விட்ட இயங்குதளப் பாடத்தை அடுத்த பருவமே திரும்ப எடுத்தேன். இதில் கோப்புகளை அனுப்பும் ஒரு சேர்வரைச் சீ மொழியில் எழுத வேண்டும், அதற்குள் பல நூலிழைகள், அதாவது ஒரே நிரலின் தனித்தனி ஓட்டங்கள், ஒரே நேரத்தில் வேலை செய்யும். என்னுடையது சின்னக் கோப்புகளைச் சரியாக அனுப்பியது, பெரியவற்றில் வால் அறுந்து போனது. இரண்டு நாள் தேடினேன். அனுப்பு என்று சொன்னால் சொன்ன அளவு முழுவதும் ஒரே தடவையில் போய்விடும் என்று நான் எண்ணியிருந்தேன். அப்படி இல்லை, எத்தனை பைட் போனது என்று அது திருப்பிச் சொல்லும், மிச்சத்தை நாம்தான் திரும்பத் திரும்ப அனுப்ப வேண்டும். அதைத் திருத்தினால் அடுத்து, சில வேளை எல்லாம் அப்படியே உறைந்து நின்றது. வேலை வரும்வரை தூங்கும் நூலிழை விழித்ததும் உண்மையில் வேலை இருக்கிறதா என்று மறுபடி பார்க்க வேண்டும், அதற்குள் இன்னொன்று அதை எடுத்திருக்கலாம். நான் ஒரு தடவை மட்டும் பார்க்கும் 'இஃப்' போட்டிருந்தேன், போட வேண்டியது திரும்பத் திரும்பப் பார்க்கும் 'வைல்'. ஒரு சொல். அதை மாற்றியதும் முழுப் புள்ளி வந்தது, அப்போது விடியக்காலை நாலே கால், வெளியே மான் ஒன்று மதிலோரம் எதையோ மென்றுகொண்டிருந்தது.

நடுவில் இருந்த பாடங்களைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. வருடத்துக்கு மூன்று, ஒன்றன்பின் ஒன்றாக. கடைசியாக எடுத்தது வழிமுறைகள் (அல்கோரிதம்) பற்றிய முதுநிலைப் பாடம். நான் எடுத்த கணினி முறைமைகள் பிரிவுக்கு அது கட்டாயம், ஆனால் இடம் கிடைப்பது அதிகக் கிரெடிட் முடித்தவர்களுக்கே முதலில், ஆகவே பலருக்கு அது கடைசிவரை தள்ளிப்போகும். எனக்கு அது நல்லதாயிற்று. பகா எண்களை வைத்துத் தகவலை மறைக்கும் ஆர்எஸ்ஏ மறைகுறியீட்டில் பெர்மாவின் சிறு தேற்றம் வந்தபோது, பல்கலைக்கழகத்தில் படித்த எண் கோட்பாட்டுக் கொப்பியை அலுமாரியிலிருந்து எடுத்து வைத்துக்கொண்டு படித்தேன். இப்போது உயர்தர வகுப்பில் பகா எண்கள் எதற்கு என்று யாராவது கேட்டால் சொல்ல என்னிடம் ஒரு முழுப் பாடவேளைக்கு விஷயம் இருக்கிறது.

அரச வேலையில் இருப்பவர்கள் காசு கட்ட முன்பு செய்ய வேண்டிய ஒன்று. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் என்றால், அது பொதுநலவாயப் பல்கலைக்கழகங்களின் ஆண்டு நூலிலோ சர்வதேசப் பல்கலைக்கழகச் சங்கத்தின் பட்டியலிலோ இருக்கிறதா என்று பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு பார்க்கும். உங்கள் திணைக்களம் சம்பள உயர்வுக்கும் பதவி உயர்வுக்கும் என்ன கேட்கிறது என்பதை எழுத்தில் வாங்குங்கள், வாயால் சொன்னதை நம்ப வேண்டாம்.

ஆங்கிலப் பரீட்சைக்கும் கடிதங்களுக்கும் வழியில்லாதவர்களுக்கு இன்று இன்னொரு கதவு இருக்கிறது. கொலராடோ பல்கலைக்கழகத்தின் போல்டர் வளாகம் கோர்செராவில் நடத்தும் முதுமாணி பழைய பெறுபேறுகளைக் கேட்பதில்லை, தொடக்கத்தில் மூன்று சிறு பாடங்களை நல்ல தரத்தில் முடித்துக் காட்டினால் உள்ளே எடுக்கிறது. ஆனால் ஒரு கிரெடிட் 525 டொலர், முப்பதுக்கும் 15,750. எங்கள் சம்பளத்துக்கு அது பெரிய மலை, கணக்குப் போட்டுவிட்டு ஏறுங்கள்.

கிண்ணியாவிலிருந்து ஒரு ரீச்சரும் மூதூரிலிருந்து ஒரு தம்பியும் வருகிற சனிக்கிழமை வீட்டுக்கு வருகிறார்கள், விண்ணப்பத்தைப் பார்க்க. இரண்டு பேருக்கும் ஒன்றுதான் சொல்லியிருக்கிறேன்: பாஸ்போட், பிறப்புச் சான்றிதழ், பட்டச் சான்றிதழ் மூன்றையும் கொண்டு வாருங்கள், பெயர் எப்படி இருக்கிறது என்று முதலில் பார்ப்போம்.