முதலில் கண்

"பிரைமர் அடிக்கும்போது முதல்ல கண்ணை மூடிடச் சொல்லுங்க சார், மத்ததெல்லாம் அப்புறம்" என்று எங்கள் சுவரிலிருந்த முருகனை வரைந்த ஆர்ட்டிஸ்ட் கேட்டபோது, "நீங்களே மூடிவிடுங்களேன்" என்று ரோலரை அவரிடம் நீட்டினேன். அதை மரியாதை என்று நினைத்துத்தான் செய்தேன். வரைந்தவன் கையாலேயே அழிக்கவைத்தது எப்படி மரியாதையாகும் என்ற கேள்வி பிறகு வந்தது.

சுற்றுச்சுவர் முழுக்கப் புதிய ஓவியம் என்பது மேலிடத்து முடிவு. முருகன் இருக்கும் பகுதியை மட்டும் விட்டுவிடலாம் என்று நான் குறிப்பு எழுதியிருக்கலாம், எழுதவில்லை. அடிப்பகுதியில் உப்புப் பூத்துப் பட்டி உதிர்ந்துகொண்டிருந்தது. தவிர, யாரும் அங்கே சிறுநீர் கழிக்கக் கூடாது என்பதற்காக வரையப்பட்ட படம் அது. காவலுக்கு நிறுத்திய சாமியை வேலை முடிந்ததும் அனுப்பிவைப்பதில் என்ன பாவம் என்று எனக்கு நானே வாதாடிக்கொண்டேன்.

கோப்பில் அதை 'காலண்டர் பட நகல்' என்று குறித்திருந்தேன். அதுவும் பொய்யில்லை. நாடகத் திரைச்சீலைகள் வரைந்து, பின்னர் கோவில்பட்டியில் தங்கிவிட்ட கொண்டையராஜுவும் (1898–1976) அவருடைய மாணவர்களும் தீட்டிய சாமிப் படங்கள் சிவகாசி அச்சகங்களின் வழியாக வீடுதோறும் போய்ச் சேர்ந்தன. தெருவில் வரைபவர்கள் அந்தத் தாள்களின்மேல் கட்டம் போட்டு, அதைச் சுவரில் பெருக்கிக்கொண்டார்கள். ஆனால் அன்று அருகில் நின்று பார்த்தபோதுதான் கருவிழியிலிருந்த வெள்ளைப் புள்ளியைக் கவனித்தேன். அவர் கையிலிருந்த பழைய தாளில் அது இடப்பக்கம் இருந்தது. சுவரிலோ வலப்பக்கம், தெருவிளக்கு இருக்கும் திசையில். இரவில் வருகிறவனைச் சாமி பார்க்க வேண்டும் என்று யோசித்து இடம் மாற்றியவரின் வேலைக்கு நகல் என்ற பெயர் எவ்வளவு பொருந்தும்?

ரோலரை அவர் வாங்கவில்லை. பையிலிருந்து தம் பட்டைத் தூரிகையை எடுத்து, கண்களை மட்டும் இரண்டிரண்டு இழுப்பில் மூடிவிட்டு விலகி நின்றார்.

புதிய ஓவியத்தை நான் குறை சொல்ல மாட்டேன். சென்னை கண்ணகி நகரின் குடியிருப்புச் சுவர்களில் பெரிய முகங்கள் எழுந்தபோது வியந்து பார்த்தவர்களில் நானும் ஒருவன். எங்கள் சுவரிலும் நிறம் தெரிந்தவர்களின் கைதான் வேலை செய்திருக்கிறது. இப்போது அதன்முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். முன்பு, நடையை நிறுத்தாமலே கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார்கள். முதலாவதை ரசனை என்றும் மற்றதைப் பழக்கம் என்றும் பிரித்துச் சொல்லத்தான் வாய் வருகிறது. ஆனால் அந்த வெள்ளைப் புள்ளி யாருக்காக வைக்கப்பட்டதோ அவர்கள் இரண்டாமவர்கள்.

அன்றைய வேலைக்கு அவர் பெயரில் அரை நாள் கூலி எழுதலாமா என்று பில் போடும்போது யோசித்தேன். எழுதினால் சாமியின் கண்ணை மூடியதற்குக் கூலி கொடுத்ததாகிவிடும். எழுதாவிட்டால் ஓசியில் வேலை வாங்கியதாகிவிடும். எழுதாமலே பில்லை அனுப்பிவிட்டேன்.