கேத்தல் போட்ட சித்தியும் 23 வினாடித் தாமதமும்

சென்ற சனிக்கிழமை இரவு எங்கள் வீட்டு நகைச்சுவைத் தொடரின் ஓர் அத்தியாயத்தை, வெட்டல் ஒட்டல் எதுவுமின்றி, 22 நிமிடமும் நேரலையாக நடித்து யூரியூபில் விட்டோம். திருகோணமலை உவர்மலையில் உள்ள எங்கள் வீட்டு விறாந்தையே மேடை. நான்கு நடிகர்கள், கதிரைகளிலும் பாயிலுமாக ஒன்பது அயலவர்கள், உச்சத்தில் 43 இணையப் பார்வையாளர்கள். நாங்கள் ஒரு மாதம் எழுதித் திருத்திய நகைச்சுவைகளுக்குக் கிடைத்த சிரிப்பு பரவாயில்லை என்ற அளவில்தான் இருந்தது. ஆறாவது நிமிடத்தில் சித்தி குசினியில் கரண்ட் கேத்தலைப் போட, ட்ரிப் சுவிட்ச் விழுந்து வீடு முழுவதும் இருண்டபோது கிடைத்த சிரிப்பை எங்கள் எழுத்து எதுவும் எட்டவில்லை. எரிச்சலும் மகிழ்ச்சியும் சம அளவில் இருக்கும்போதே இதை எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது.

கமரா கைத்தொலைபேசி, மடிக்கணினி, சிறு பற்றரியில் ஓடும் ரவுட்டர் ஆகிய மூன்றும் கரண்டை நம்பியிருக்கவில்லை என்பதால் ஒளிபரப்பு நிற்கவில்லை. படம் கறுப்பாயிற்று, குரல்கள் மட்டும் போய்க்கொண்டிருந்தன. கஞ்ச வீட்டுக்காரராக நடிக்கும் அத்தான், இருட்டு விழுந்து மூன்று வினாடிக்குள், "போன மாதக் கரண்ட் பில்லை நீர்தானே கட்டுறன் எண்டனீர்?" என்று வாடகைக்காரரைக் கேட்டார். வாடகைக்காரராக நடித்த மருமகன் உறைந்துபோய் நின்றான். கதையோ எங்கேயோ நகர்ந்து, பேச்சு எங்கெங்கோ தடுமாறி, ஒன்றரை நிமிடம் கழித்து அவனுக்குப் பதில் வந்தது: "நான் என்ர அறைக்கு மட்டும்தான் கட்டினனான், அண்ணை." அறை ஒலிப்பதிவில் அந்தச் சிரிப்பின் நீளம் 11 வினாடி. அதற்கு முன் எங்கள் தொடரில் பதிவான மிக நீண்ட சிரிப்பு 4 வினாடிதான்.

இணையத்தில் பார்த்தவர்களில் பெரும்பாலானோர் இருட்டைத் திரைக்கதையின் பகுதி என்றே எடுத்துக்கொண்டார்கள். "லைற்றை நிப்பாட்டினது ஆரின்ர ஐடியா?" என்று ஒருவர் பாராட்டி எழுதியிருந்தார். இதற்கு நேர்மாறான ஒன்று பிரித்தானியாவில் நடந்தது. 2018 ஒக்ரோபர் 28 அன்று பிபிசி இரண்டில் 'இன்சைட் நம்பர் 9' என்ற கறுப்பு நகைச்சுவைத் தொடர் நேரலையாகப் போனபோது, சில நிமிடங்களில் ஒலி நின்றுபோக, அறிவிப்பாளர் மன்னிப்புக் கேட்க, பழைய அத்தியாயம் ஒன்று ஓடத் தொடங்கியது. அத்தனையும் திட்டமிட்ட நடிப்பு. ஆனால் பழுது என்று நம்பி அலைவரிசையை மாற்றிப் போனவர்கள் பலர். நடிகர்களில் ஒருவரான றீஸ் ஷியர்ஸ்மித் நிகழ்ச்சிக்கு நடுவிலேயே ருவிற்றரில் எழுதி விளையாடிக்கொண்டிருந்தார். அங்கே பொய்ப் பழுதை மெய்யென்று நம்பினார்கள், இங்கே மெய்ப் பழுதைப் பொய்யென்று நம்பினார்கள்.

இனி நான் தூக்கமின்றி மல்லுக்கட்டும் விடயத்துக்கு வருகிறேன்: எந்தச் சிரிப்பு எந்த வரிக்கு உரியது என்று கண்டுபிடிப்பது. அறைக்குள் இருப்பவர்களின் சிரிப்பில் சிக்கல் இல்லை. மின்விசிறிக் கொக்கியில் தொங்கவிட்ட ஒலிவாங்கி அதைப் பிடித்துவிடும், ஒடாசிற்றி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் அலைவடிவத்தைப் பார்த்தால் தொடக்கமும் முடிவும் தெரியும். (விசிறியை நிறுத்தித்தான் தீர வேண்டும். திருகோணமலை வெக்கையில் 22 நிமிடம் விசிறி இல்லாமல் நடித்தவர்களின் சட்டைகளைப் பற்றி எழுதாமல் விடுகிறேன்.) சிக்கல் முழுவதும் இணையத்தவரிடம் உள்ளது. நாம் சொல்லும் வரி அவர்களிடம் போய்ச் சேரப் பிந்துகிறது, ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு அளவில் பிந்துகிறது, அதன்பின் அவர்கள் கைபேசியை எடுத்து விரலால் அழுத்தவும் நேரம் எடுக்கிறது.

தாமதத்தை மிகக் குறைக்கும் அமைப்பை யூரியூபிலேயே தெரிவுசெய்யலாம். பெரும்பாலானவர்களுக்கு 5 வினாடிக்குள் போய்ச் சேரும். ஒத்திகை ஒளிபரப்பில் அதைத்தான் போட்டேன். கைத்தொலைபேசி டேற்றாவில் பார்த்த நிலாவெளி மச்சாளுக்குப் படம் நிமிடத்துக்கு இரண்டு தடவை நின்றது. நகைச்சுவையின் முடிச்சு அவிழும் இடத்தில் படம் நின்றால் அதன்பின் என்ன தாமதக் கணக்கு? ஆகவே வழமையான அமைப்புக்கே திரும்பினேன். கீஃபிரேம் (முழுப் படமாக அனுப்பப்படும் சட்டகம்) இடைவெளியை 2 வினாடியில் விட்டேன், வினாடிக்கு அனுப்பும் தரவின் அளவான பிட்ரேற்றைக் குறைத்தேன், பிந்துவது பிந்தட்டும், எவ்வளவு என்று அளந்துகொண்டால் போதும் என்று முடிவெடுத்தேன்.

அளந்த விதம் இதுதான். தொடக்கப் பாடலுக்கு முன் கமராவுக்கு எதிரே நின்று, "கைதட்டல் கேட்டதும் 1 என்று எழுதுங்கள்" என்று சொல்லி ஒரே ஒரு தடவை தட்டினேன். கருத்துகள் வந்து விழும் திரையை, பக்கத்தில் ஓடும் மணிக்கூட்டோடு சேர்த்துத் தனியாகப் பதிவுசெய்தேன். 27 பேர் எழுதினார்கள். முதல் 1 வந்தது 8 வினாடியில், கடைசி 41 வினாடியில், நடுவில் நின்றது 23. தங்கையை என் பக்கத்தில் நிறுத்தி, நேரில் கைதட்டல் கேட்டவுடன் எழுதச் சொன்னால் 3 வினாடி எடுக்கிறாள். ஆகவே 23இல் 20 வலையமைப்பின் பங்கு, 3 கையின் பங்கு. சிரிக்கும் முகப்படம் போடுபவர்களுக்கு இரண்டையும் பிரிக்கத் தேவையில்லை, ஏனென்றால் 1 எழுதுவதும் முகப்படம் போடுவதும் ஏறத்தாழ ஒரே வேலை. சொற்களில் எழுதுபவர்களுக்கு மட்டும் எழுத்துகளை எண்ணி இன்னும் சில வினாடி கழிக்க வேண்டும். பெயருக்கு எதிரே தனித்தனித் தாமதம் எழுதி, அவரவர் கருத்துகளிலிருந்து அவரவர் தாமதத்தைக் கழித்து, வரியோடு பொருத்துகிறேன். சராசரியை எல்லோருக்கும் ஒன்றாகக் கழித்துப் பார்த்தேன். கலங்கிய தண்ணீரில் மீன் பிடித்த கதைதான், எந்தச் சிரிப்பும் எந்த வரியிலும் சரியாக உட்காரவில்லை.

இதிலும் ஓட்டை உண்டு. லண்டனில் இருக்கும் பெரியம்மா மகள் நடுவில் கதவு திறக்கப் போய் ஒளிபரப்பை நிறுத்தி வைத்தாள். திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்தே பார்த்ததால் அவளுடைய சிரிப்புகள் அனைத்தும் அதன்பின் நான்கு நிமிடம் பிந்தி விழுந்தன. வீட்டுக்காரர் கோபிக்கும் காட்சியில் அவள் ஒருத்தி மட்டும் விழுந்து விழுந்து சிரிப்பதாகப் பதிவாகியிருக்கிறது. அடுத்த தடவை நடுவிலும் ஒரு கைதட்டலைத் திரைக்கதைக்குள் செருகத்தான் வேண்டும். நுளம்பு அடிக்கும் காட்சி எழுதினால் ஒருவருக்கும் தெரியாது.

இப்போது என் மடத்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். கருத்துத் திரையைக் கமராவுக்குப் பக்கத்திலேயே, நடிகர்களின் கண்ணில் படும்படி வைத்திருந்தேன். பார்வையாளர் இருப்பதை உணர்ந்தால் உற்சாகமாக நடிப்பார்கள் என்று நினைத்தேன். நான் ஓடிப்போய்ச் சுவிட்சை உயர்த்தி வெளிச்சம் வந்தது 8 நிமிடம் 2 வினாடியில். கதையின் ஒரே சோகமான இடம், ஊரிலிருந்து அம்மா அனுப்பிய கடிதத்தை மருமகன் வாசிப்பது, உடனே தொடங்கியது. அவன் முதல் வரியைச் சொல்லும்போது, இருட்டு நகைச்சுவைக்கான சிரிப்பு முகங்கள் 23 வினாடி பிந்தித் திரையில் கொட்டத் தொடங்கின. கடிதத்தைக் கேட்டுத்தான் சிரிக்கிறார்கள் என்று நினைத்தவன், அம்மாவின் சுகவீனத்தை வாசித்துக்கொண்டே தானும் சிரித்துவிட்டான். அவன் சிரித்ததைப் பார்த்தவர்கள் இன்னும் 23 வினாடி கழித்து இன்னொரு அலையாகச் சிரிக்க, அதைக் கண்டு அத்தானும் சிரிக்க, அந்தக் காட்சி அப்படியே கரைந்துபோயிற்று.

வேதனை என்னவென்றால், அதுவும் பிடித்திருந்தது. நடிகர் தடுமாறுவதைக் காண்பதற்காகவே நேரலையைப் பார்க்கிறார்கள் என்ற எண்ணம் எனக்குப் புதிதல்ல. '30 றொக்' என்ற அமெரிக்க நகைச்சுவைத் தொடர் 2010 ஒக்ரோபர் 14 அன்று நேரலையாக நடிக்கப்பட்டபோது இதையே கதைக்குள் வைத்தார்கள்: நடிகர் சிரித்துத் தடுமாறினால் மக்கள் விரும்புகிறார்கள் என்று கண்ட ட்ரேசி என்ற நடிகர் பாத்திரம், வேண்டுமென்றே தடுமாறத் திட்டமிடும். வழக்கமாகச் சினிமாப் படம் போல ஒற்றைக் கமராவில், சிரிப்பொலி இன்றி எடுக்கப்படும் தொடர் அது. அன்று மட்டும் பல கமராக்கள், அரங்கில் உட்கார்ந்த பார்வையாளர்கள், வீடியோத் தோற்றம். நாயகி ரீனா ஃபே உடை மாற்றுவதற்கு அவகாசம் வேண்டும் என்பதால் பழைய நினைவுக் காட்சிகளில் அவருடைய பாத்திரத்தை ஜூலியா லூயி டிரைஃபஸ் நடித்தார். 2019 மே 22 அன்று 'த ஜெஃபர்சன்ஸ்' என்ற பழைய அமெரிக்க நகைச்சுவைத் தொடரின் அத்தியாயத்தை நேரலையாக நடித்த ஜேமி ஃபொக்ஸ் ஒரு வரியில் வாய் குழறி, பாத்திரத்தை விட்டு வெளியே வந்து, வீட்டிலிருப்பவர்கள் தொலைக்காட்சி பழுது என்று நினைப்பார்கள் என்ற கருத்தில் ஏதோ சொல்ல, அரங்கமே சிரித்தது. அந்த இரவைப் பற்றி யாரைக் கேட்டாலும் அந்தக் குழறலைத்தான் முதலில் சொல்கிறார்கள்.

ஆனால் அவர்களுக்கு முன்னால் அரங்கம் இருந்தது, சிரிப்பு உடனே காதில் விழுந்தது. எங்கள் அயலவர் ஒன்பது பேர் செய்த வேலை இப்போதுதான் எனக்குப் புரிகிறது. முதல் ஒத்திகையில் அவர்கள் இல்லாமல் நடித்தபோது, ஒவ்வொரு முடிச்சுக்குப் பின்னும் அத்தான் பழக்கதோஷத்தில் இரண்டு வினாடி நிறுத்தினார். அந்த அமைதி, செத்த வீட்டில் தேநீர் பரிமாறுவது போல இருந்தது. அவர்கள் வந்த பிறகு அதே இரண்டு வினாடிகள் உயிர் பெற்றன. பாயில் இருந்த பக்கத்து வீட்டு மாமி, இலங்கை வானொலியில் 'கோமாளிகளின் கும்மாளம்' கேட்டு வளர்ந்தவர், வரி முடியும் முன்பே சிரிக்கத் தொடங்கிவிடுவார். அவருடைய சிரிப்பு மற்ற எட்டுப் பேருக்கும் பச்சை விளக்கு. ஒடாசிற்றியில் அவருடைய அலையை நான் இப்போது பார்த்த உடனே அடையாளம் காண்பேன்.

ஒலிவாங்கி பற்றி ஒரு சொல். சட்டையில் குத்தும் சிறிய ஒலிவாங்கிகளை நகரத்துக் கடை ஒன்றில் வாங்கினேன். பெட்டியில் 5 மீற்றர் என்று அச்சிட்ட வயர் அளந்தால் 4 மீற்றர்கூட வரவில்லை, மருமகன் கதவுப் பக்கம் நடக்கும் காட்சியில் வயர் இழுபட்டு அவன் நாயைப் போல நின்றதற்குக் காரணம் அதுதான். கொழும்புக்குப் போகும் சிநேகிதரிடம் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் வயரற்ற சோடி ஒன்று பார்த்து வரச் சொல்லியிருக்கிறேன்.

'30 றொக்'கின் அந்த 2010 அத்தியாயத்தை அமெரிக்கக் கிழக்குக் கரைக்கு ஒரு தடவையும் மேற்குக் கரைக்கு மூன்று மணித்தியாலம் கழித்து இன்னொரு தடவையும் நடித்தார்கள். நம் நேரப்படி 15ஆம் திகதி காலை 6 மணியும் 9 மணியும். இதே ஏற்பாட்டை நாங்களும் செய்யப் போகிறோம். இரவு 7 மணிக்கு ஊருக்கு. மறுநாள் விடிய 6.30க்கு, மார்கழிக் குளிரில் இரவு 8 மணியாக இருக்கும் ரொறொன்ரோ உறவினருக்கு. காலை நிகழ்ச்சிக்கு மாமியை எழுப்புவது யார் என்பது மட்டும் தீர்மானமாகவில்லை. சனிக்கிழமைக் கணக்கே இன்னும் முடியாமல் கொப்பியின் 14ஆம் பக்கத்தில், 12ஆவது நிமிடத்தில் நிற்கிறது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

கருத்துத் திரையைக் கமராவுக்குப் பின்னால் துணி போட்டு மறைத்தாயிற்று. சித்திக்குச் சுடுதண்ணீர்ப் போத்தல் ஒன்று வாங்கிக் கொடுத்தாயிற்று. ஆனால் அத்தான், இரண்டு நிகழ்ச்சிகளிலும் ஆறாவது நிமிடத்தில் கேத்தலைப் போடத்தான் வேண்டும் என்று பிடிவாதமாக நிற்கிறார். இருட்டில் சொல்வதற்கு இப்போதே மூன்று வரி எழுதி வைத்திருக்கிறார். எழுதி வைத்த மூன்றையும் நேற்று வாசித்துக் காட்டினார். மாமி சிரிக்கவில்லை.