சாயங்காலம் ஏழு மணி

எனக்குக் காலையில் பிரச்சினை இல்லை, மத்தியானமும் பெரிதாக இல்லை. சாயங்காலம் ஆறரை தாண்டினால் கால் தானாக அந்தத் தெருப் பக்கம் திரும்பும். பதினோரு வருஷம் அதே நேரம், அதே கடை. மருத்துவமனையில் பத்து நாள் இருந்துவிட்டு வெளியே வந்த அன்று, ஆலோசகர் அம்மா ஒரு துண்டுச்சீட்டில் ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் அமைப்பு) கூட்டம் நடக்கும் இடத்தை எழுதிக் கொடுத்தார். சனிக்கிழமை, ஏழு மணி. நேரத்தைப் பார்த்ததும், இதை முடிவு பண்ணியவர் நிச்சயம் குடித்துப் பார்த்தவர்தான் என்று தோன்றியது.

முதலில் ஒன்று. தினமும் நிறையக் குடிப்பவர் வைராக்கியமாக ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்பு வரலாம், புத்தி தடுமாறலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். டாக்டரைப் பார்த்துவிட்டு நிறுத்துங்கள். கூட்டம் அதற்கு அப்புறம், அல்லது அதோடு சேர்த்து. எங்கே போவது என்றே தெரியாவிட்டால் 14446 என்ற இலவச எண்ணுக்குப் பேசலாம்.

சரி, அந்த முதல் சனிக்கிழமை. சீட்டில் இருந்த இடத்துக்குப் போனால், கூட்டம் வேறு எங்கோ மாறிவிட்டது என்றார் வாட்ச்மேன். மணி ஆறே முக்கால். திரும்பிப் போகிற வழியில் கடை. உள்ளங்கை வேர்த்து அந்தச் சீட்டு நனைந்தே போயிற்று. அதன் பின்பக்கம் ஒரு போன் நம்பர் இருந்ததை அப்போதுதான் பார்த்தேன். எடுத்தவர் என் பேரைக்கூடக் கேட்கவில்லை. "எங்க நிக்கிறீங்க தம்பி? அங்கேயே நில்லுங்க, வர்றேன்." பத்து நிமிஷத்தில் ஒரு பெரியவர் டிவிஎஸ் 50-ல் வந்து நின்றார். பின்னால் ஏறி உட்கார்ந்தேன். வழியெல்லாம் அவர் மழையைப் பற்றித்தான் பேசிக்கொண்டு வந்தார்.

இந்த அமைப்பே ஒரு போன் காலில் தொடங்கியது என்று பின்னாடிதான் தெரிந்துகொண்டேன். 1935 மே மாதம், அமெரிக்காவின் ஆக்ரன் ஊரில், வியாபாரம் கைவிட்டுப்போன பில் என்பவர் ஓட்டல் முன்கூடத்தில் நிற்கிறார். குடியை விட்டு சில மாதம்தான் ஆகிறது, பக்கத்திலேயே பார். இன்னொரு குடிகாரரிடம் பேசினால்தான் தப்பிப்போம் என்று தோன்றி, தேவாலயங்களுக்குப் போன் போட்டுக் கேட்கிறார். அப்படித்தான் குடியை விட முடியாமல் தவித்த டாக்டர் பாப் கிடைக்கிறார். கால் மணி நேரம் என்று ஒப்புக்கொண்ட டாக்டர், பல மணி நேரம் பேசிக்கொண்டிருந்தாராம்.

எங்கள் கூட்டம் நடந்தது ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில். சுவரில் வாய்ப்பாடு, குழந்தைகள் காம்பஸால் பேர் கீறிய பெஞ்சு. முழங்கால் இடிக்க இடிக்கப் பதினைந்து பேர். ஒவ்வொருவரும் தன் பேரைச் சொல்லி, "நான் ஒரு குடிநோயாளி" என்று ஆரம்பிக்கிறார்கள். நான் எதுவும் பேசவில்லை, யாரும் வற்புறுத்தவும் இல்லை. கையெழுத்து கிடையாது, கட்டணம் கிடையாது, குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் மட்டும் போதும். கடைசியில் ஒரு பை சுற்றி வந்தது. நான் பாக்கெட்டில் கை விட்டதும், "புதுசா வந்தவங்க போட வேணாம்" என்று பக்கத்து அண்ணன் தடுத்தார்.

சாமி விஷயம் பலருக்கு இடறும், எனக்கும் இடறியது. குடியிலிருந்து மீள ஏ.ஏ. சொல்லும் பன்னிரண்டு படிகளில் இறைவன் என்ற சொல் திரும்பத் திரும்ப வரும். எங்கள் குழுவில் கோயில் வாசலையே மிதிக்காத ஒருவர் இருக்கிறார், குடியை விட்டுப் பல வருஷம் ஆகிறது. "எனக்கு இந்த ரூம்ல உட்கார்ந்திருக்கிறவங்கதான் பெரிய சக்தி" என்பார். எனக்கு அது போதும் என்று பட்டது. எல்லாக் குழுவும் ஒரே மாதிரி இருக்காது என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு கூட்டம் ஒட்டவில்லை என்றால் வேறொன்றுக்குப் போங்கள், நாலைந்து முறையாவது போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

நாற்பத்தேழாவது நாள் நான் குடித்தேன். மைத்துனர் வீட்டுக் கல்யாணம். அடுத்த சனிக்கிழமை வகுப்பறை வாசலில் செருப்பைக் கழற்ற மனசில்லாமல் நின்றேன், டிவிஎஸ் 50 பெரியவர் எட்டிப் பார்த்து, "வாங்க, டீ ஆறுது" என்றார். அவ்வளவுதான். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. டாக்டர் பாப்கூட பில்லைச் சந்தித்த பிறகு ஒருமுறை சறுக்கியவர்தான். அவர் கடைசியாகக் குடித்த 1935 ஜூன் 10-ஐத்தான் ஏ.ஏ. தொடங்கிய நாளாக வைத்திருக்கிறார்கள்.

இப்போது என் மனைவியும் வருகிறாள், குடும்பத்தாருக்கான அல்-அனான் கூட்டத்துக்கு. அதே நேரம், பக்கத்து வகுப்பறை. இரண்டு அறைக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர், சில நாள் அவள் அழுவது எனக்குக் கேட்கும். அங்கே என்ன பேசினாள் என்று நான் கேட்பதில்லை. எட்டரைக்கு இருவரும் ஒன்றாகப் பஸ் ஏறுகிறோம்.