நாலு டிகிரித் தண்ணீரில் ஒரு நீராவிக் கப்பல்: மதுரையில் இருந்தே தயாராவது எப்படி

மதுரைப் பக்கம் நீச்சல் என்றால் கிணறுதான். இடுப்பில் சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டு பம்ப்செட் திட்டில் இருந்து குதித்துப் பழகியவர்களுக்குத் தெரியும்: சித்திரை வெயிலிலும் ஓர் ஆள் ஆழம் இறங்கினால் காலில் சில்லென்று தட்டும். அமெரிக்கா, கனடா எல்லையில் இருக்கும் சுப்பீரியர் ஏரியின் அடித்தண்ணீரோடு ஒப்பிட்டால் அது வெந்நீர். நன்னீர் 4 டிகிரி செல்சியசில்தான் மிகவும் கனமாக இருக்கும். அதனால் அந்தத் தண்ணீர் அடியில் போய்த் தங்கிவிடுகிறது. மேலே கோடை வந்தாலும் கீழே ஏறக்குறைய அதே 4 டிகிரிதான்.

அங்கே ஐல் ராயல் தீவை ஒட்டிக் கிடக்கிறது கம்லூப்ஸ் என்ற கனடா நாட்டு நீராவிச் சரக்குக் கப்பல். 1927 டிசம்பரில் புயலில் சிக்கி, 22 பேரோடு காணாமல் போனது. 1977இல்தான் டைவர்கள் கண்டுபிடித்தார்கள். சுமார் 53 மீட்டரில் தொடங்கி 80 மீட்டர் வரை சரிவில் படுத்திருக்கிறது. மரத்தைத் துளைக்கும் கடல்புழு நன்னீரில் கிடையாது. குளிரில் அழுகலும் மெதுவாகத்தான் நடக்கும். நம் கடலில் சில பத்தாண்டுகளில் உருத்தெரியாமல் போயிருக்கும் பொருளெல்லாம் அங்கே அப்படியே இருப்பது இதனால்தான்.

ராமேஸ்வரத்திலும் தூத்துக்குடியிலும் தொடங்கி, நைட்ராக்ஸ் (ஆக்சிஜன் கூடிய காற்று), டெகோ (ஏறும்போது நின்று நின்று உடலில் ஏறிய வாயுவை வெளியேற்றுவது), ட்ரைமிக்ஸ் (ஆக்சிஜன், ஹீலியம், நைட்ரஜன் கலவை) என்று டைவிங் பயிற்சியைப் படிப்படியாக முடித்தவர்கள் இப்படி ஒரு கப்பலை நினைத்தால் முதலில் ஆழத்துக்குத்தான் பயப்படுகிறார்கள். ஆழத்துக்கு வழி இருக்கிறது. 18 சதவீத ஆக்சிஜன், 45 சதவீத ஹீலியம் கலந்த ட்ரைமிக்ஸை 60 மீட்டரில் மூச்சிழுத்தால் ஆக்சிஜன் அழுத்தம் 1.26 பார், ஆழத்தில் நைட்ரஜன் தரும் மயக்கமோ சாதாரணக் காற்றோடு 30 மீட்டருக்குள் இருப்பது போலத்தான். குளிர் அப்படி இல்லை. ரெகுலேட்டர், காற்றுக் கணக்கு, விரல் என்று எல்லாவற்றிலும் அது கை வைக்கும்.

முதலில் ரெகுலேட்டர், அதாவது சிலிண்டர் காற்றை மூச்சு விடும் அழுத்தத்துக்கு இறக்கித் தரும் கருவி. பஞ்சர் கடையில் டியூப் வால்வின் பின்னை அழுத்திக் காற்றை இறக்கும்போது விரல் நுனி சில்லிடும். விரியும் காற்று குளிரும், அவ்வளவுதான். இரண்டு மூன்று பார் காற்றுக்கே அப்படி என்றால், 200 பாரில் இருந்து சுமார் 10 பாருக்கு இறக்கும், சிலிண்டரில் மாட்டிய முதல் நிலை எவ்வளவு குளிரும் என்று பாருங்கள். நம் கடலில் சுற்றியுள்ள தண்ணீர் அந்தக் குளிரை உடனே ஈடுகட்டிவிடும். 4 டிகிரித் தண்ணீரிடம் கொடுக்க வெப்பம் இல்லை. ஸ்பிரிங்கைச் சுற்றி ஐஸ் பிடித்து வால்வு மூடாமல் நின்றுவிடும். இரண்டு நிலைக்கும் இடையிலான குழாயில் உள்ள நடு அழுத்தம் ஏறும். வாயில் இருக்கும் இரண்டாம் நிலை தானாகத் திறந்து கொட்டத் தொடங்கும். 55 மீட்டரில் இது நடந்தால் சிலிண்டர் ஓரிரு நிமிடத்தில் காலியாகிவிடும்.

ஆகவே ஸ்பிரிங் அறைக்குள் தண்ணீர் புகாதபடி அடைத்த டயாஃப்ரம் (சவ்வு) வகைதான் வேண்டும். உடலில் ">10°C" என்று முத்திரை இருந்தால் அதை ஊரிலேயே விட்டுவிடுங்கள். குளிர்நீருக்கு அது தேறியதல்ல. நடு அழுத்தத்தைச் சற்றுக் குறைத்து வைக்கச் சொல்லி, குளிர்நீருக்கென்றே சர்வீஸ் செய்து வாங்குங்கள். சிலிண்டரில் அடைக்கும் காற்று நன்றாக உலர்ந்திருக்க வேண்டும். ஈரக் காற்றானால் ஐஸ் உள்ளிருந்தே பிடிக்கும்.

பழக்கமும் மாற வேண்டும். படகில் நின்றபடி ரெகுலேட்டரில் மூச்சு விட்டுப் பார்க்கக் கூடாது. மூச்சின் ஈரம் குளிர்ந்த உலோகத்தில் உறையும். மூச்சை இழுக்கும் அதே நொடியில் ட்ரை சூட்டுக்கோ (தண்ணீர் புகாத உடை) விங்குக்கோ (முதுகில் மாட்டும் மிதவைப் பை) காற்று ஏற்றக் கூடாது. ஏற்றினாலும் தட்டித் தட்டி, சிறிது சிறிதாக. மீறிக் கொட்டத் தொடங்கினால் அந்தப் பக்க வால்வை மூடிவிட்டு, இரட்டைச் சிலிண்டரின் மறுபக்க ரெகுலேட்டருக்கு மாறி, டைவை அங்கேயே முடித்துக்கொள்ள வேண்டும். சுற்றியுள்ள தண்ணீர் பூஜ்யத்துக்கு மேலே இருப்பதால் சற்று நேரத்தில் ஐஸ் கரைந்துவிடும். வேறு வழியில்லாதபோது மெதுவாகத் திறந்து பார்க்கலாம்.

அடுத்தது கணக்கு. இதில்தான் அதிகம் பேர் தவறுகிறார்கள். இரண்டு 12 லிட்டர் ஸ்டீல் சிலிண்டர், ஆக 24 லிட்டர். நிரப்பிய சூட்டோடு, 30 டிகிரியில் கேஜ் 230 பார் காட்டுகிறது. 4 டிகிரித் தண்ணீரில் இறங்கிச் சற்று நேரத்தில் அதே கேஜ் 210தான் காட்டும். கசிவு எதுவும் இல்லை. குளிர்ந்ததால் அழுத்தம் இறங்கியது. அந்த 20 பார் உங்களிடம் இருந்ததே இல்லை என்று வைத்துத் திட்டமிடுங்கள்.

55 மீட்டரில் மொத்த அழுத்தம் 6.5 பார். நம் கடலில் நிமிடத்துக்கு 20 லிட்டர் மூச்சு என்றால் குளிரில் 25 என்று போடுங்கள். கீழே நிமிடத்துக்கு சுமார் 162 லிட்டர். 20 நிமிடத்துக்கு 3,250 லிட்டர், அதாவது 135 பார். இறங்க 12 பார். மீதி 63. இப்போது அவசரக் கணக்கு: துணைவரின் காற்று போய்விட்டது, இரண்டு பேரும் பதற்றத்தில் ஆளுக்கு 30 லிட்டர் இழுக்கிறீர்கள். நிலைமையைச் சரிசெய்ய 2 நிமிடம், 21 மீட்டரில் 50 சதவீத நைட்ராக்ஸுக்கு மாறும்வரை ஏற 4 நிமிடம். கிட்டத்தட்ட 1,930 லிட்டர், 80 பார். கையில் இருப்பது 63. ஆகவே 20 நிமிடத் திட்டம் செல்லாது. 15 நிமிடம் என்றால் மீதி 96 பார், அதுதான் சரி.

ட்ரை சூட்டுக்குள் முதுகுச் சிலிண்டரின் ட்ரைமிக்ஸை ஏற்றவே கூடாது. ஹீலியம் காற்றைவிட ஏறக்குறைய ஆறு மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். தனியாக ஒரு சின்ன சிலிண்டரில் ஆர்கான் வையுங்கள். ஈயக் கட்டியையும் மறுபடி எடை பார்க்க வேண்டும்: கடல்நீரைவிட நன்னீர் சுமார் இரண்டரை சதவீதம் லேசு; ஆளும் சாமானுமாக 120 கிலோ என்றால் அதே சூட்டுக்கு 3 கிலோ குறையும்.

விரலை இங்கேயே பழக்கலாம். மீன் மார்க்கெட்டில் ஐஸ் வாங்கி, ஒரு பக்கெட் தண்ணீரில் உடைத்துப் போட்டு, உறை மாட்டிய கையை முழங்கை வரை விட்டு, கொக்கியைக் கழற்றுவது, ரீலைப் பூட்டுவது இரண்டையும் பத்து நிமிடம் செய்யுங்கள். ஐந்தாவது நிமிடத்தில் சின்னக் கொக்கி பிடிபடாது. அப்போதே பெரிய அளவுக்கு மாற்றிவிடுங்கள். உறையில் பொத்தல் இருந்தாலும் இதிலேயே தெரிந்துவிடும்.

கப்பலுக்குள் போன வழியே திரும்பி வர உதவும் கயிறுதான் லைன். அதைப் பழக ஒரு தென்னந்தோப்பு போதும், சோழவந்தான் பக்கம் நிறையவே இருக்கிறது. மரத்துக்கு மரம் லைனைச் சுற்றி இழுத்துக் கட்டிவிட்டு, துண்டால் கண்ணைக் கட்டிக்கொண்டு விரல் வளையத்துக்குள் லைனை விட்டபடி திரும்பி வாருங்கள். தொய்ந்த லைன் எந்த மட்டையில் மாட்டுகிறது என்று கையால் உணர்வது நல்ல பாடம். தூர்வாராத பழைய கிணற்றில் மட்டும் இந்தப் பயிற்சி வேண்டாம். உள்ளே விஷவாயு, அடியில் மோட்டார் வயர்.

கப்பலில் இன்னொரு சிக்கல் காத்திருக்கிறது. அது வலப்பக்கமாகச் சாய்ந்து படுத்திருப்பதால் தளம் சுவராகவும், சுவர் கூரையாகவும் நிற்கும், உள்ளே வண்டல். காலில் மாட்டிய துடுப்பின் ஒரே உதைக்கே எல்லாம் கலங்கிவிடும். எஞ்சின் அறையில் மாலுமி ஒருவரின் உடல் குளிரில் மெழுகு போல் மாறி இன்னும் இருக்கிறது. அவருக்கு அதுதான் அடக்கமான இடம். கேமராவோடு உள்ளே போகாதீர்கள், எதையும் தொடாதீர்கள்.

மின்சூட்டு உள்சட்டையைக் கீழே முழு வேகத்தில் ஓட்டாதீர்கள். அடியில் உடல் சூடாக இருந்தால் நைட்ரஜனும் ஹீலியமும் அதிகம் ஏறும். டெகோ நேரத்தில் பேட்டரி தீர்ந்து உடல் குளிர்ந்தால் அவை வெளியேறத் திணறும். கீழே குறைவாக, 21 மீட்டருக்கு மேலே கூடுதலாக வையுங்கள்.

திரும்பும் டிக்கெட்டில் கடைசி டைவுக்கும் முதல் விமானத்துக்கும் நடுவே 24 மணி நேரமாவது விடுங்கள். தீவில் இருந்து கரைக்கு வரும் படகு காற்றுக்காக நின்றுபோவது உண்டு. அதற்கு இன்னொரு நாளைத் தனியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.